எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி என் மகள் பள்ளிக்கூடம் போக முடியாதா?

பென்னாகரம் வட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் மாற்றிவிட்டு, அவருடைய நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு ஏழு வயது. பிறந்த உடனே அழவில்லை. ஒன்றரை வயதில் மருத்துவர்கள் மூளை முடக்குவாதம் என்று சொன்னார்கள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். வலது கை மடங்கியே இருக்கும், இடது கை நன்றாக வேலை செய்யும். பேச்சு வீட்டாருக்குப் புரியும், வெளியாருக்குப் பாதிதான் புரியும். கணவர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்கிறார், பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார். வீட்டில் மாமியார், நான்காம் வகுப்பு படிக்கும் மகன், நான்கைந்து ஆடுகள்.

ஊரிலுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில்தான் மகளைச் சேர்த்தார். இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். முதல் வருடம் இருந்த டீச்சர் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். இந்த ஜூனில் புதிதாக வந்த தலைமையாசிரியர் அம்மாவை அழைத்து, "பாப்பாவை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கே ஸ்பெஷல் டீச்சர் வந்து சொல்லித் தருவார். பெயர் ரிஜிஸ்டரில் இருக்கும், உதவித்தொகை, புத்தகம் எல்லாம் வரும்" என்றார். ஒரு தாளில் "மகள் மனவளர்ச்சி குன்றியவர் என்பதால் எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் வீட்டு வழிக் கல்விக்குச் சம்மதிக்கிறோம்" என்று எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு சிறப்புப் பயிற்றுநர் இரண்டு முறை வந்தார். மற்ற நாட்களில் மகள் திண்ணையில் உட்கார்ந்து, அண்ணன் பள்ளிக்குப் போவதைப் பார்த்துவிட்டு அழுகிறாள்.

அவர் கேட்பவை: கையெழுத்துப் போட்ட பிறகு மறுபடி பள்ளிக்கு அனுப்ப முடியுமா? சேலம் பக்கம் விடுதியோடு இருக்கும் சிறப்புப் பள்ளியில் சேர்ப்பதே நல்லது என்கிறார்களே, சரியா? ஊனச் சான்றிதழ் வாங்கினால் நாளைக்குக் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்று கணவர் தடுக்கிறார், என்ன செய்வது? புகார் கொடுத்தால் மகனை அதே பள்ளியில் பழிவாங்க மாட்டார்களா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தை மறுபடி மறுபடி படித்தேன். சாயங்காலம் ஆடுகள் திரும்பும்போது ஒன்று குறைந்தால் உங்கள் மகள்தான் முதலில் சத்தம் போட்டுக் காட்டுவாள், மாமியார் அதற்கப்புறம்தான் எண்ணிப் பார்ப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு இந்தக் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். எந்தப் பரிசோதனையும் செய்யாமல் ஒரு தாளில் அவளை "மனவளர்ச்சி குன்றியவர்" என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் மருத்துவரும் இல்லை, உளவியலாளரும் இல்லை. மூளை முடக்குவாதம் என்பது உடம்பின் அசைவையும் தசைகளின் கட்டுப்பாட்டையும் பாதிக்கும் நிலை. சில பிள்ளைகளுக்கு அதோடு அறிவு வளர்ச்சியிலும் சிக்கல் இருக்கலாம், நிறையப் பேருக்கு இருக்காது. நாக்கும் உதடும் சொன்னபடி கேட்காததால் பேச்சு குழறும். குழறும் பேச்சைக் கேட்டவுடன் புத்தி மட்டு என்று முடிவு கட்டுவது நம் ஊர்களில் ரொம்பப் பழைய தவறு. உங்கள் மகள் விஷயத்தில் உண்மை என்ன என்று முறையாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். ஆனால் ஆட்டை எண்ணுகிற பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து எண் கற்க முடியாது என்று யாரும் பார்க்காமலே சொல்லிவிட முடியாது.

அந்தத் தாளின் மதிப்பு

முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். அந்தக் கையெழுத்து உங்கள் மகளைக் கட்டுப்படுத்தாது.

6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்பது அரசியலமைப்பின் 21ஏ பிரிவு தரும் அடிப்படை உரிமை. அதை நடைமுறைப்படுத்துவது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அடிப்படை உரிமையை ஒருவர் எழுதிக் கொடுத்து விட்டுவிட முடியாது என்பது உச்ச நீதிமன்றம் பல காலமாகச் சொல்லிவரும் நிலை. 1985-இல் மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில், ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்பார்கள், இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இங்கே இன்னொன்றும் இருக்கிறது. இது உங்களுடைய உரிமையே இல்லை, உங்கள் மகளுடையது. அவளுடைய உரிமையை அவளுக்காக நீங்கள் கேட்கலாம், அவளுக்குப் பதிலாக விட்டுக்கொடுக்க முடியாது.

தலைமையாசிரியர் சட்டத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டு வழிக் கல்வி உண்மையிலேயே சட்டத்தில் இருக்கிறது. 2012-இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பல்வகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள குழந்தைக்கு வீட்டு வழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு என்று சேர்த்தார்கள். படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளைக்கு அது பெரிய ஆதரவு. அப்படிப்பட்ட வீடுகளுக்கு மலையேறிப் போய்ச் சொல்லித் தரும் சிறப்புப் பயிற்றுநர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள், அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தைக்கும் குடும்பத்துக்கும்தான். பள்ளி தேர்ந்தெடுத்துவிட்டு, பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவதற்காக வந்த ஏற்பாடு இல்லை அது. பிடித்துக்கொண்டு நடக்கிற, ஒரு வருடம் ஏற்கெனவே அதே பள்ளியில் இருந்த, போக வேண்டும் என்று அழுகிற பிள்ளைக்கு அதைத் திணிப்பது வீட்டில் உட்கார வைப்பதற்கு நாகரிகமான பெயர் என்றே நான் நினைக்கிறேன்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. அதன் 31-வது பிரிவின்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது அந்தக் குழந்தையின் விருப்பம். 16-வது பிரிவோ சதவீதமே பேசவில்லை. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, அங்கீகாரம் பெற்ற பள்ளி எல்லாமே பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும், கட்டடமும் கழிப்பறையும் அந்தப் பிள்ளை பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், அவள் தேவைக்கு ஏற்ற வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. அப்படிப்பட்ட நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்றும் அதே சட்டம் விளக்கம் தருகிறது. ஆகவே சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்பதைக் காரணம் காட்டி யாரும் உங்களை வாசலில் நிறுத்த முடியாது. தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்பதும் கல்வி உரிமைச் சட்டத்தில் உள்ளது.

தலைமையாசிரியரின் கவலைகள்

அவர் உங்களிடம் மூன்று விஷயம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். "இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கிறோம், இவளை யார் பார்ப்பது? விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு? மற்ற பெற்றோர் முணுமுணுக்கிறார்கள்." இவற்றைத் தள்ளிவிடாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஏனென்றால் நாளைக்கு உங்கள் மகள் அந்த மனிதரின் பள்ளிக்குத்தான் போகப் போகிறாள்.

ஆசிரியர் பற்றாக்குறை உண்மை. 60 பிள்ளைகள் வரை இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்பதுதான் சட்டத்தின் கணக்கே. அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் உங்கள் மகள் படிக்கும் வகுப்பு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்து, அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கு ஏற்பப் பயிற்சி கொடுக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் அரும்பில் இருக்கலாம், இரண்டாம் வகுப்புப் பெண் மலரில் இருக்கலாம். படங்கள், அட்டைகள், பாட்டு, கைவேலை என்றுதான் பாடம் போகிறது. எல்லாரும் ஒரே வேகத்தில் போவதில்லை என்பதை ஒத்துக்கொண்ட வகுப்பு அது. உங்கள் மகளுக்கு இதைவிடத் தோதான வகுப்பை அமைப்பது கடினம்.

சிறப்புப் பயிற்றுநர் விஷயத்தில் நீதிமன்றமும் தலையிட்டிருக்கிறது. 2021 அக்டோபரில் ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில், தொடக்க நிலையில் 10 சிறப்புத் தேவைக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறையில் ஒரு வட்டாரத்தில் இருக்கும் சில பயிற்றுநர்கள்தான் எல்லா ஊர்களுக்கும் ஓடுகிறார்கள். உங்கள் வீட்டுக்கு இரண்டு முறைதான் வந்தார் என்பதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதே பயிற்றுநர் உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரும் நேரத்தில் பள்ளிக்கு வந்தால், உங்கள் மகளோடு வகுப்பாசிரியரும் கற்றுக்கொள்வார். அவர் இல்லாத நாட்களிலும் அந்த வேலை நடக்கும். இதை உங்கள் ஒன்றியத்துப் பள்ளிகளுக்குச் சிறப்புப் பயிற்றுநர்களை அனுப்பும் கல்வித் துறை அலுவலகமான வட்டார வள மையத்தில் கேளுங்கள்.

அடிபடுவது பற்றி: விழுகிற எல்லாப் பிள்ளைக்கும் ஆசிரியர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. அக்கறை எடுத்தாரா, கவனக்குறைவாக இருந்தாரா என்றுதான் சட்டம் பார்க்கும். இந்தப் பயத்துக்கு மருந்து இடத்தைச் சரிசெய்வது. பள்ளி வாசலில் இரண்டு படி இருக்கிறது, சாய்வுதளம் இருந்தாலும் வாக்கரோடு ஏறினால் பின்னால் சாய்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பல பள்ளிகளில் சாய்வுதளம் கணக்குக் காட்டுவதற்காகக் கட்டியதுபோல் செங்குத்தாக இருக்கிறது. ஒரு அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் இருக்க வேண்டும், பக்கத்தில் பிடிக்கக் கம்பி வேண்டும். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். உயரம் இவ்வளவு, நீளம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கழிப்பறையும் அப்படித்தான். உட்காரும் வகைக் கழிப்பறை, அவளுடைய இடது கைப் பக்கம் ஒரு கைப்பிடி. இரண்டும் பெரிய செலவில்லை.

கழிப்பறைக்கு அழைத்துப் போக ஆள் வேண்டும் என்பது உண்மையான சிக்கல், அதை மறைக்க மாட்டேன். தொடக்கப் பள்ளிகளில் அதற்கென்று ஆயா இருப்பது அபூர்வம். ஆரம்பத்தில் இடைவேளை நேரத்தில் நீங்களோ மாமியாரோ போய்வர முடிந்தால் நல்லது. அதை உதவியாகச் செய்யுங்கள், "அம்மா கூடவே இருந்தால்தான் சேர்ப்போம்" என்ற நிபந்தனையாக மட்டும் ஏற்காதீர்கள். மகனிடம் அந்தப் பொறுப்பைத் தள்ளிவிடவும் வேண்டாம். ஒன்பது வயதுப் பையன் தங்கையோடு கை கோத்துப் பள்ளிக்குப் போகட்டும், இடைவேளையில் அவன் விளையாட வேண்டும்.

மற்ற பெற்றோரின் முணுமுணுப்புக்குச் சட்டத்தில் எந்த இடமும் கிடையாது. ஒரு பிள்ளையின் உரிமையை ஊர்ப் பஞ்சாயத்தில் வாக்கெடுத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் முணுமுணுப்பவர்கள் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். காலை உணவு சாப்பிடும்போது உப்புமாவைச் சிந்துகிறாள், எச்சில் வடிகிறது என்பதுதான் அவர்கள் சொன்ன குறை என்றால், விளிம்பு உயர்ந்த ஒரு தட்டு, பிடி தடித்த ஒரு ஸ்பூன், கழுத்தில் ஒரு துண்டு போதும். முடிந்தால் நீங்களே இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் எப்படிச் சாப்பிடுவாள் என்று காலை உணவு சமைக்கும் அக்காவுக்குக் காட்டிக் கொடுங்கள்.

வகுப்புக்குள் என்ன கேட்க வேண்டும்

இங்கேதான் பல பெற்றோர்கள் நின்றுவிடுகிறார்கள். வழக்கில் ஜெயித்ததுபோல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் கடைசி வரிசையில், சுவரோரமாக, யாரும் கேள்வி கேட்காமல் ஐந்து வருடம் உட்கார்ந்திருப்பாள். வருகைப் பதிவு இருக்கும், படிப்பு இருக்காது. அந்த நிலை உங்கள் மகளுக்கு வரக் கூடாது என்பதில் உங்களைவிட எனக்கு அக்கறை குறைவில்லை.

நீங்கள் கேட்க வேண்டியது அவளுக்கென்று ஒரு தனிநபர் கல்வித் திட்டம். சிறப்புப் பயிற்றுநரும் வகுப்பாசிரியரும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து, இந்த மூன்று மாதத்தில் அவள் எதைக் கற்க வேண்டும், எப்படிக் கற்பாள், எப்படிக் காட்டுவாள் என்று எழுதிக்கொள்வது. பெரிய ஆவணம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். உதாரணமாக, வலது கை மடங்கியிருப்பதால் இடது கையால் எழுத விட வேண்டும். தடித்த பென்சில், தாள் நகராமல் இருக்க ஒரு கிளிப் வைத்த அட்டை. எழுத முடியாத இடத்தில் அட்டையைத் தொட்டுக் காட்டிப் பதில் சொல்லலாம். "இது எத்தனை?" என்று கேட்டால் அவள் பதில் சொல்ல மற்றவர்களைவிட நேரம் எடுக்கும், அந்த நேரத்தைக் கொடுக்க வேண்டும். உடம்பு சாயாமல் உட்காரப் பக்கத் தடுப்பு உள்ள நாற்காலி வேண்டும். நாற்காலி, வாக்கர், காலுக்கான கருவி எல்லாம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் முகாம்களில் அளவெடுத்துத் தருகிறார்கள். அளவெடுக்காமல் கைக்குக் கிடைத்ததை வாங்கிவராதீர்கள், பெரிதான வாக்கரால் இடுப்பு கோணிவிடும்.

வட்டார வள மையத்தில் இயன்முறை மருத்துவர் வரும் நாட்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் மட்டும் அவள் பள்ளிக்குப் பதில் அங்கே போகலாம். அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் உடன் வரும் ஒருவரும் கட்டணமில்லாமல் போகலாம். பயணப்படி, உடன் வருபவருக்கான படி ஆகியவற்றுக்கும் அங்கேயே விண்ணப்பியுங்கள்.

விடுதிப் பள்ளி

சிறப்புப் பள்ளி கெட்டது என்று நான் சொல்லவில்லை. காது கேளாத ஒரு குழந்தைக்குத் தன் மொழியில் கை அசைத்துப் பேசும் நண்பர்கள் கிடைக்கும் இடம் பல நேரம் சிறப்புப் பள்ளிதான். உங்கள் மகளுக்கு எது வேண்டும் என்று பார்த்தால், நாள்தோறும் உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, பழகிய முகங்கள். முதல் இரண்டுக்கும் விடுதியே தேவையில்லை. மூன்றாவது விடுதியில் கிடைக்காது.

இன்னொரு காரணத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும், படிக்கக் கஷ்டமாக இருக்கும். ஏழு வயதுப் பெண் குழந்தை, நடந்ததை வெளியாருக்குப் புரியும்படி சொல்ல முடியாதவள், வீட்டைவிட்டுப் பல மைல் தள்ளி. யாராவது அவளைத் தொட்டால், அடித்தால், பட்டினி போட்டால் உங்களுக்கு எப்படித் தெரியும்? நல்ல விடுதிகள் இருக்கின்றன. ஆனால் இந்த வயதில் அந்த ஆபத்தை ஏற்பதற்கு நல்ல காரணம் வேண்டும், "பள்ளியில் வேண்டாம் என்றார்கள்" என்பது நல்ல காரணம் இல்லை. பின்னொரு நாள் அந்த முடிவை எடுத்தால், 2016 சட்டத்தின்படி அந்த நிறுவனத்துக்குப் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள், பதிவில்லாமல் நடத்தவே கூடாது. இரவில் பெண் பணியாளர் யார், சொல்லாமல் எப்போது வந்தாலும் உள்ளே விடுவார்களா என்பதையும் கேளுங்கள். இரண்டாவதற்குத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

சான்றிதழும் உங்கள் கணவரின் பயமும்

உங்கள் கணவர் மகள்மேல் உள்ள பாசத்தில்தான் தடுக்கிறார், அவரோடு சண்டை போட வேண்டாம். ஆனால் அவர் நினைப்பதுபோல் சான்றிதழை யாரும் ஊர்ச் சாவடியில் ஒட்டுவதில்லை. அது உங்கள் பெட்டிக்குள் இருக்கும் காகிதம். அவள் நடப்பதை ஊர் ஏற்கெனவே பார்க்கிறது. சான்றிதழால் புதிதாக வெளிப்படுவது எதுவுமில்லை. இல்லாவிட்டால் இழப்பதுதான் நிறைய: கல்வி உதவித்தொகை, உபகரணங்கள், தேர்வில் கூடுதல் நேரமும் எழுத உதவியாளரும், பின்னாளில் உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீடு, அரசு வேலையில் 4 சதவீதம். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. குறைபாட்டின் வகையையும் சதவீதத்தையும் பொறுத்து அது அவளுக்குப் பொருந்துமா என்று ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சொல்வார்கள்.

வட்டார அளவில் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாமிலோ, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பரிசோதனை செய்யலாம். போகும்போது ஒன்றில் கவனமாக இருங்கள். மூளை முடக்குவாதம் சட்டத்தில் உடல் இயக்கக் குறைபாட்டின் கீழ் வருகிறது. அறிவுசார் குறைபாடு வேறு வகை, அதற்குத் தனிச் சோதனை. பேச்சு புரியவில்லை என்பதற்காகப் படிவத்தில் அறிவுசார் குறைபாடு என்ற கட்டத்தில் குறிபோட விடாதீர்கள். காது, கண் இரண்டையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள், இந்தப் பிள்ளைகளுக்கு அவற்றிலும் குறை இருக்க வாய்ப்புண்டு. அப்புறம் உளவியலாளரிடம் ஆட்டுக் கதையைச் சொல்லுங்கள். அவள் பேச்சை நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுங்கள். சோதனையில் அறிவுசார் குறைபாடும் இருக்கிறது என்று தெரியவந்தாலும் உங்கள் மகளின் பள்ளி உரிமையில் ஒரு துளி குறையாது. பாடத்திட்டம் மாறும், அவ்வளவுதான்.

எப்படித் தொடங்குவது

நேராகப் புகாரில் தொடங்காதீர்கள். முதலில் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம். நீங்களே எழுதலாம், இப்படி இருந்தால் போதும்:

"என் மகள் தங்கள் பள்ளியில் 2-ஆம் வகுப்பு மாணவி. வீட்டு வழிக் கல்விக்குச் சம்மதித்து நான் முன்பு கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். அவள் தினமும் பள்ளிக்கு வந்து படிப்பதே எங்கள் விருப்பம். அவள் மனவளர்ச்சி குன்றியவர் என்று அதில் குறிப்பிட்டிருப்பது மருத்துவப் பரிசோதனையின் அடிப்படையில் எழுதப்பட்டது அல்ல. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 3-வது பிரிவு, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 16-வது பிரிவு ஆகியவற்றின்படி அவள் வருகைக்கும் கற்றலுக்கும் வேண்டிய வசதிகளைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

தேதி போட்டு இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மறுநாளே மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போங்கள். அவள் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, புதிய சேர்க்கையே தேவையில்லை. "அடுத்த ஜூனில் பார்க்கலாம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அதே வாரத்தில் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். நலிவடைந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அதில் இடம் தர வேண்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு மாற்றுத்திறன் குழந்தைகளும் அந்தப் பிரிவில் வருகிறார்கள். அடுத்த முறை குழுவை மாற்றியமைக்கும்போது நீங்களே உறுப்பினராகக் கேட்கலாம். சாய்வுதளமும் கைப்பிடியும் குழுவின் தீர்மானமாகப் போனால் தனி ஒரு தாயின் மனுவைவிட வேகமாக நகரும்.

இதில் நடக்கவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர், அதற்கு மேல் தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலர், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுக்களில் முந்தைய கடிதத்தின் நகலை இணைத்துக்கொண்டே போங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 32-வது பிரிவின் கீழ் எழுத்து மூலம் புகார் கொடுத்தால் 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதற்கு மேல் முறையீடு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில். சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் தபாலிலேயே எழுதலாம். பெரும்பாலும் விஷயம் அவ்வளவு தூரம் போகாது, தேதியும் சட்டப் பிரிவும் உள்ள ஒரு கடிதம் கைக்கு வந்ததும் பேச்சின் தொனி மாறிவிடும்.

மகனைப் பழிவாங்குவார்கள் என்ற பயம் வீணானது என்று நான் சொல்ல மாட்டேன். சின்ன ஊர், ஒரே பள்ளி. ஆனால் அவனை நீக்க முடியாது, உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் 17-வது பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. அவன் வீட்டுக்கு வந்ததும் பள்ளியில் என்ன நடந்தது என்று தினமும் கேளுங்கள். வித்தியாசமாக ஏதாவது இருந்தால் தேதியோடு குறித்து வையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். வேண்டியதில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தர்மபுரி மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய், முதல் கடிதத்தின் நகலையும் ஆதார் அட்டையையும் காட்டினால் போதும், மனு எழுதுவதிலிருந்து அவர்களே செய்வார்கள். போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். கணவர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு வேலைநாள் கூடுதலாக இருந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், அந்த அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்தே போய்வாருங்கள்.